பதினொன்று இருந்தும் பாஸ்

ஜெயபாலன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். ஹெல்மெட் போடாத ஒருவனைக் கண்டால் போதும், மொத்த வேலையையும் நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனைச் சீட்டாட்டத்தில் துணிய வைத்த பெருமை அவர் மனைவி ஷாமளாவையே சேரும். மலேசியாவின் கூலாய் ஊரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள்.

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரே உட்கார்ந்து, வாயே திறக்காமல், ஏல அட்டைகளை எடுத்து வைத்துத்தான் தங்கள் கையில் இருப்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏஸுக்கு நாலு, கிங்குக்கு மூன்று, குவீனுக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று என்று புள்ளி எண்ணி, பன்னிரண்டு பதின்மூன்று தேறினால்தான் பலரும் ஏலத்தைத் திறப்பார்கள். தேறாவிட்டால் பாஸ், அதாவது ஏலம் கேட்காமல் விட்டுவிடுவது. ஷாமளாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. புள்ளிகளை எண்ணு; ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்ற நாலு சூட்டில் கையில் அதிகமாக வந்த இரண்டில் எத்தனை சீட்டு என்று அதோடு கூட்டு; இருபது வந்தால் திற. புள்ளி பதினொன்றானால் என்ன, பத்தானால் என்ன? எங்கோ படித்து அவள் கொண்டுவந்த இந்த விதி, பல வருடமாக அவர்கள் இருவருக்கும் சட்டம்.

போன தீபாவளிக்கு அடுத்த வாரம் ஷாமளாவுக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. தலைக்குள் எது திரும்பவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பயத்தோடுதான் எட்டு மாதம் கழித்து, ஜொகூர் பாருவில் கடைவீட்டு மாடியில் ஞாயிறு மதியம் கூடும் தங்கள் பிரிட்ஜ் கிளப்புக்கு மறுபடி வந்தாள்.

மூன்று ஞாயிறு ஆடினார்கள். மூன்று முறையும் கடைசி இடம். மற்றவர்கள் கையில் இவ்வளவுதான் இருக்கும் என்று அவள் போட்ட கணக்கு ஒன்றுகூட ஒத்து வரவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மூளை, இப்போது பதின்மூன்று சீட்டுக்கே திணறுகிறதே என்று உள்ளுக்குள் நொறுங்கிப் போனாள். இதோடு போதும், இனி வருவதில்லை என்று முடிவும் செய்துவிட்டாள். அதை ஜெயபாலனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

ஆட்டம் முடிந்ததும் அன்றைய எல்லாப் பங்கீடுகளிலும், அதாவது போர்டுகளிலும், நான்கு பேருக்கும் வந்த சீட்டுகளை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுப்பது அந்தக் கிளப்பின் வழக்கம். மற்ற வாரங்களில் ஜெயபாலன் அதை முந்திக்கொண்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிடுவார். அந்த மூன்றாவது ஞாயிறு அவர் கார் எடுக்கப் போயிருந்தார். கிளப்பை நடத்தும் ரூபினி தாளை ஷாமளா கையிலேயே கொடுத்தாள். ஷாமளா படிக்கட்டில் நின்றபடியே அதைப் படித்தாள். முதலில் தான் தவறாகப் படிப்பதாகத்தான் நினைத்தாள். விரலை வைத்து மறுபடியும் எண்ணினாள்.

காரில் ஏறி, பெல்ட் போடும் வரை பொறுத்தாள்.

“ஒம்பதாவது போர்டுல உங்க கையில என்னங்க இருந்துச்சு?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, லா.”

“பதினொண்ணு. அஞ்சு ஸ்பேட், நாலு ஹார்ட். கூட்டினா இருபது. நீங்க பாஸ் போட்டிருக்கீங்க. பதினாலாவது போர்டுலயும் இதே கதை. இருபத்தொண்ணாவதுலயும்.”

சிக்னல் பச்சையானது. ஜெயபாலன் கவனிக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தி, ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்தினார்.

“லேசான கையில நான் திறந்துட்டா, மிச்சத்த நீதானே முடிவு பண்ணணும்? தோத்துட்டா என் மூளை போச்சு, என் மூளை போச்சுன்னு அழுவ. என்னால அதப் பார்க்க முடியாது, ஷாமளா.”

“நீங்க பாஸ் போட்டா எனக்கு என்ன அர்த்தம்? கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அத நம்பித்தானே நான் கணக்குப் போடறேன்? மூணு வாரமா எதுவும் ஒத்து வரல. என் மூளைதான் போயிடுச்சுன்னு நெனச்சிட்டேங்க. இனி வர்றதே இல்லன்னு முடிவு பண்ணியிருந்தேன்.”

ஜெயபாலனுக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி விழுந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்தவர், கடைசியில் தானே தள்ளிவிட்டிருக்கிறார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஷாமளாவுக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். பாசமும் அதே அளவுக்கு வந்ததுதான் தொல்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அடுத்த வாரம் வருவோம். இருபது இருந்தா திறக்கணும். நான் கோட்டை விட்டா, அது நான் விட்டதாவே இருக்கட்டும்.”

அடுத்த ஞாயிறு எதிரணியில் கபீரும் அவர் தங்கை பஸீலாவும் உட்கார்ந்தார்கள். முதல் பங்கீட்டிலேயே ஜெயபாலன் லேசான கையில் திறந்தார். ஏலம் ஏறி, மூன்று நோ ட்ரம்ப்பில், அதாவது துருப்பே இல்லாமல் பதின்மூன்று சுற்றில் ஒன்பதைப் பிடித்தாக வேண்டும் என்ற ஏலத்தில், ஷாமளா கைக்கு வந்து நின்றது. நன்றாகத்தான் ஆடினாள். கடைசி நேரத்தில் கிளப் சூட்டின் பத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று நினைத்தாள். அது எதிரணியிடமே இருந்தது. ஒரே ஒரு பிடியில் தோற்றாள்.

“அலமாக், கிட்ட வந்து போச்சே அக்கா” என்றார் கபீர்.

“பத்த எண்ணாம விட்டுட்டேன். என் தப்புதான்” என்றாள் ஷாமளா. தோற்றதைவிட அடுத்து வரப்போவதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்த மனுஷன் இப்போது பழையபடி கதவைச் சாத்திக்கொள்வாரோ?

அடுத்த பங்கீட்டில் முதலில் ஏலம் சொல்ல வேண்டியவர் ஜெயபாலன். ஜோடியின் முகத்தைப் படிக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் ஒழுக்கம். ஷாமளா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களை மட்டும் பார்த்தாள். பச்சை நிறப் பாஸ் அட்டைகள் ஏல அட்டைப் பெட்டியில் முன்னால்தான் இருந்தன. விரல்கள் அவற்றின் பக்கமே போகவில்லை. ஒரு டைமண்ட் என்ற அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஷாமளா ஹார்ட் சொன்னாள். அவர் ஆதரித்தார். அவள் நான்கு ஹார்ட்டுக்குப் போனாள்.

பஸீலா முதல் சீட்டைப் போட்டதும், ஜெயபாலன் முறைப்படி தன் சீட்டுகளை எல்லாரும் பார்க்க மேசையில் விரித்தார். ஆறு டைமண்ட், அதில் ஏஸும் கிங்கும். நாலு ஹார்ட், அதில் ஒரு கிங். மிச்சமெல்லாம் குப்பை. ஏழும் மூன்றும் பத்து. பத்தும் ஆறும் நாலும் இருபது. சரியாக இருபது. அவள் தோற்று இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

விரித்த சீட்டைப் பார்த்ததும் ‘தேங்க்யூ பார்ட்னர்’ என்று சொல்ல வேண்டும். எல்லா மேசையிலும் ஒப்புக்குச் சொல்லும் வார்த்தைதான். ஷாமளாவுக்கு ‘தேங்க்யூ’ வரைக்கும்தான் வந்தது.

பஸீலா பதறிப்போய், “என்ன அக்கா, அழறீங்களா?” என்றாள்.

“இல்லலா” என்றாள் ஷாமளா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எண்ணிக்கிட்டிருக்கேன்.”