நாங்கன்னா யாரு?

...எக்ஸ்பிளெய்ன், அதற்கு விளக்கு என்று அர்த்தமாம், கிளாரிஃபை, அதற்கும் அதேதானாம், எலூசிடேட், அடேயப்பா, பல்லிடுக்கில் புளியங்கொட்டை மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சொல், அதற்கும் விளக்குதானாம், ஒரே காரியத்துக்கு எதற்கு இந்த இங்கிலீஷ்காரனுக்கு இத்தனை வார்த்தை? பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனதும் போனான், ஆபீசில் இனி எல்லாம் இங்கிலீஷ் என்று ஆகிவிட்டது, சைகோனில் ஜவுளிக்கடைக் கணக்கெழுதிவிட்டு வந்த என் வீட்டு மனுஷர், நாற்பதை எட்டப்போகிற வயதில், கிணற்றடியில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, ஓதுகிற பள்ளிப் பிள்ளை மாதிரி உடம்பை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பார்க்கிறார், நாளைக்கு உத்தியோகப் பரீட்சை. நானும் கிணற்றடியில்தான் இருக்கிறேன், மத்தியானம் சோறாக்கின சட்டிகளோடு, தேங்காய் நாரும் சாம்பலுமாக. நானும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறேன், எனக்குத்தான் யாரும் உத்தியோகம் தரக் காணோம்.

அவர் அன்றைக்குச் சோறு தின்னும்போது அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்ன பெரிதாகச் சொல்லிவிட்டார், 'சைகோன்ல ஞாயித்துக்கிழமையானா நாங்க ஆத்தோரம் போயிருவோம் கமரு, அங்கயே சோறாக்கித் தின்னுட்டுத்தான் திரும்புவோம்', அவ்வளவுதான். நாங்க. அந்த நேரம் எனக்கும் உறைக்கவில்லை, நல்ல மீன்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன், போய்ப் படுத்த பிறகுதான் அந்தச் சொல் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. வந்த புதிதில் எத்தனை தடவை கேட்டிருப்பேன், அங்க யாரோட இருந்தீங்க என்று, 'தனியாத்தான், கடைக்கு மேல ஒரு ரூமு' என்றாரே, தனியாக இருந்த ஆளுக்கு நாங்க எங்கேயிருந்து வந்தது? நாம என்றிருந்தால்கூட, வாய் தவறி என்னையும் சேர்த்துக்கொண்டார் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். நாங்க என்றால் நான் கதவுக்கு வெளியே. கூட வேலை பார்த்த ஆம்பிளைகளாக இருக்கலாம், இருக்கலாம்தானே, ஆனால் அவர்களைப் பற்றி என்றால் பேர் சொல்லித்தானே பேசுவார், முகைதீன் பிச்சை இப்படிச் செஞ்சான், பீர் மைதீன் அப்படி உளறினான் என்று. இந்த நாங்கவுக்கு மட்டும் பேரே இல்லை. நிக்காஹ் முடிந்து மருதாணி வெளுத்ததும் கப்பலேறினவர், அங்கே சண்டை என்றார்கள், கப்பல் இல்லை என்றார்கள், நானும் இருந்தேன், பிள்ளையில்லாத மடியோடு, வருகிறவர் போகிறவர் வாயில் எல்லாம் விழுந்துகொண்டு, அத்தனைக்கும் பிறகு அங்கே ஒருத்தி என்றால்... சீ, நாக்கைக் கடி கமருன்னிசா. நாக்கைக் கடித்துக்கொள்ளலாம், மனசை என்ன செய்ய?

"எக்ஸ்ப்ளிக்கே" என்கிறார், உடனே தலையில் அடித்துக்கொள்கிறார், "சே, பிரெஞ்சு வந்துருது." எனக்குச் சிரிப்பு வருகிறது, பாவமாகவும் இருக்கிறது, நாளைக்கு அந்த மதராஸ் அதிகாரி முன்னால் இப்படி வாய் குழறினால் என்ன ஆவது, யா அல்லாஹ், நீதான் காப்பாற்ற வேண்டும். நம்மிடம் மட்டும் என்ன, சொல்லுக்கா பஞ்சம்? விளக்குகிறோம், சட்டியை. துலக்குகிறோம், அதுவும் சட்டியைத்தான். தெளிய வைக்கிறோம், தேத்தாங்கொட்டையை இழைத்துக் குடத்தில் விட்டால் கலங்கல் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எல்லாம் பொம்பிளை வேலை. ஆம்பிளைக்கு வாயால் சொன்னால் போதும், அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

"ஏங்க, அந்தப் புளியங்கொட்டைச் சொல்லுக்கு என்னாங்க அர்த்தம்?" கேட்டேவிட்டேன். "எலூசிடேட்டா? மங்கலா கெடக்குறத வெளிச்சத்துக்குக் கொண்டாரது." "அப்ப எனக்கு ஒன்ன எலூசிடேட்டு பண்ணுங்க." சிரிக்கிறார், நான் பரீட்சை வைக்கிறேனாம், சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்கிறார். "நாங்கன்னா யாரு?" "எந்த நாங்க?" "ஆத்தோரம் சோறாக்கித் தின்ன நாங்க."

இவ்வளவு நேரம் ஓதின சொல்லில் ஒன்றுகூட வரவில்லையே, பிரெஞ்சுகூட வரவில்லையே, கேட்டிருக்கக் கூடாதோ, பரீட்சைக்கு முந்தின நாளா பார்த்துக் கேட்பாய், அறிவு கெட்டவளே... புத்தகத்தைக் கீழே வைக்கிறார், முக்காலியை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் குந்துகிறார், என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொள்கிறார். "அட விடுங்க, உங்க உம்மா பாத்தா என்னாத்தான் சொல்லும்!" விடவில்லை. நாரை இரண்டாக மடிக்கிறார், சாம்பலைத் தொட்டு முதலில் அடிப்பக்கம், பிறகு கழுத்து, கட்டைவிரலை விட்டு விளிம்பு... எனக்கே அப்படி வராது. துலக்கி முடித்து, குனிந்த தலை நிமிராமல், சொம்பை இடது பக்கம் நீட்டுகிறார். நான் வலது பக்கம் இருக்கிறேன். அந்தப் பக்கம் துவைகல் மட்டும்தான். கை அப்படியே நிற்கிறது, வாங்கிக் கழுவ ஆள் இல்லை என்று அந்தக் கைக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆகிறது, தெரிந்த பிறகும் இறங்கவில்லை.

அங்கே அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கிக் கழுவினது ஆணோ, பெண்ணோ. இருக்கிறதோ, மவுத்தாகிவிட்டதோ. கோபம் வரட்டும் என்றுதான் இருந்தேன், வந்தது, கூடவே ஐயோ பாவம் என்றும் வந்து தொலைத்தது, யாருக்குப் பாவம், அவருக்கா, அந்த ஆளுக்கா, எனக்கா? எழுந்து சுற்றிப் போய்த் துவைகல்மேல் உட்கார்கிறேன். சொம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்க்கிறேன். அவர் அடுத்த சட்டியை எடுத்துத் துலக்குகிறார், இந்தத் தடவை தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறார், யாரென்று பார்க்கிறாரோ... நான்தான், கமருதான்.