போட்டேனா, போடலையா

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சமையல்காரி என்று பேர். அடுப்புப் பக்கமே போகாத சமையல்காரி. கண்ணாடிக் குடுவைகளில் வளரும் செல்களுக்கு ஆகாரம் கலந்து கொடுப்பது அவள் வேலை; அதை மீடியா என்பார்கள். சர்க்கரை, நாலைந்து வகை உப்பு, அமினோ அமிலம், வைட்டமின், அதற்கு மேல் கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம். வீட்டில் புருஷன், "ஊர் பேர் தெரியாத செல்லுக்கெல்லாம் அளந்து அளந்து போடறே, எனக்கு மட்டும் உப்புப் போட மறந்துடறே" என்று வாருவான்.

அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து முதல் வாய் வைத்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. குளுட்டமின் போட்டேனா?

எடுத்த அடுத்த கவளத்தைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள்.

குளுட்டமின் என்ற அமினோ அமிலம் சீக்கிரம் கெட்டுப்போகும் சமாச்சாரம். உறைய வைத்து, கடைசியில்தான் சேர்ப்பார்கள். காலையில் அந்தச் சின்னக் குழாயை உள்ளங்கையில் உருட்டி உருக்கிக்கொண்டிருந்தபோது சுவர் போன் அலறியது. கீழே ஆஸ்பத்திரி வரவேற்பறையிலிருந்து, தீக்காயத்துக்குச் சேர்த்திருந்த ரொட்டிக்கடைக்காரரின் மனைவி.

"வளருதாம்மா?"

"நல்லா வளருதுங்க. மூணு மணிக்கு மறுபடி சாப்பாடு வைக்கிறோம்."

போனை வைத்தாள், கையுறை மாற்றினாள், பாட்டில் மூடியைத் திருகினாள். நடுவில் குழாயை ஊற்றினாளா என்பது மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை.

ரொட்டிக்கடைக்காரருக்கு அடுப்பு வெடித்து இரண்டு கையும் நெஞ்சும் வெந்துபோயிருந்தன. அவர் தொடையிலிருந்து எடுத்த தபால்தலை அளவுத் தோல்தான் ஆறு குடுவைகளில் பரவிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதை அவர் மேல் ஒட்ட வேண்டும். குளுட்டமின் இல்லாவிட்டால் அவ்வளவும் பட்டினி. சந்தேகத்துக்கு இன்னொரு குழாயை ஊற்றினால், அளவு மீறி அதுவே நஞ்சாகும்.

பெட்டியை மூடிவிட்டு ஓடினாள். பட்டியலைப் பார்த்தாள். குளுட்டமினுக்கு நேரே டிக் இருந்தது. இருக்கத்தானே செய்யும்! ஈரக் கையுறையோடு பேனா பிடிக்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் முதலிலேயே டிக் போட்டுவைக்கிற மகராசி அவள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். அழகான சிவப்பு. அதில் கலந்த சாயம், மீடியா புளித்தால் மஞ்சளாகும், காரம் ஏறினால் ஊதாவாகும். குளுட்டமினைப் பற்றி வாய் திறக்காது.

குழாய் எங்கே? குப்பைப் பையில். பை எங்கே? குப்பையைக் கிருமி சாக அவிக்கும் நீராவிக் கொதிகலனுக்குள். சுத்தக்காரி என்று பேர் வாங்கியவள் அல்லவா, சாப்பிடப் போகுமுன் அவளே கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். திறக்க இன்னும் நாற்பது நிமிஷம்.

கொதிகலன் முன்னால் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். காரணமில்லாமல் மூன்று தடவை கை கழுவினாள். கண்ணை மூடிக் காலையை ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவை ஊற்றினாள், அடுத்த தடவை ஊற்றவில்லை. இரண்டுமே நிஜம் போல இருந்தன.

கதவு திறந்ததும் இடுக்கியால் பையைக் கிளறினாள். குழாய் அகப்பட்டது. உள்ளே திரவம் இருந்தது. அப்படியானால் ஊற்றவில்லை! பக்கத்துக் குழாயை எடுத்தாள், அதிலும் இருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் நீராவி தண்ணீராகித் தேங்கியிருந்தது.

மணி இரண்டு ஐம்பது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? செல் வாடினால் சீரம் சரியில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பவும் நம்புவார்கள். அந்த நினைப்பு வந்ததற்கே தன்மேல் வெறுப்பு வந்தது. செல் அறைக்கு நடந்தாள். தலைமை மருத்துவர் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

"மேடம், அதைச் செல்லுக்கு வைக்காதீங்க. குளுட்டமின் போட்டேனான்னு எனக்குத் தெரியல."

"லிஸ்ட்ல டிக் இருக்கே?"

"முன்னாடியே போட்டுட்டேன்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சந்தேகம் வந்த பாட்டில் ஆள் மேல போகாது" என்று சொல்லி அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். கைவசம் இருந்த கடைசி சீரமும் அதோடு போனது. புதுசு பரிசோதனை முடிந்து வர ஒரு வாரமாகும். போன பாட்டிலில் மிச்சமிருந்தது இரண்டு குடுவைக்குத்தான் காணும். மற்ற நாலும் சீரமில்லாமல் அரைவயிற்றோடு காத்திருக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை கைக்கு மட்டும்தான் பத்தும். நெஞ்சுக்கு அடுத்த வாரம். நீயே போய்ச் சொல்லிடு."

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி வழக்கமான பெஞ்சில் இருந்தாள். சமையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

"கலக்கும்போது ஒண்ணு போட்டேனான்னு சந்தேகம் வந்துடுச்சுங்க. அதான் கீழ ஊத்திட்டோம்."

"அவரும் மாவுல உப்புப் போட்டோமான்னு மறந்துடுவாரு. துளி எடுத்து நாக்குல வச்சுப் பாப்பாரு. நீங்க அப்படிப் பாக்க முடியாதா?"

"முடியாதுங்க."

அந்த அம்மாளின் முகம் இறுகியது. "நெஞ்சுக் கட்டைப் பிரிக்கும்போது அவரு கத்தறது உங்க மாடிக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும். இன்னும் ஒரு வாரம்."

சமையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சட்டென்று அவள் கையை ஒரு கை பிடித்தது. திரும்பினால், அந்த அம்மாளின் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

"காலைல நான் போன் பண்ணேனே. அப்ப நீங்க அந்த வேலையாத்தான் இருந்தீங்களா? என்னாலதானா?"

"இல்லீங்க" என்றாள் சமையல்காரி. "நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே கலந்து மூடிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

பிடித்த கை விலகியது. "அப்ப உங்க கவனக்குறைவுதான்" என்றாள் அந்த அம்மாள், பழையபடி கோபத்தோடு.

"ஆமாங்க. என் கவனக்குறைவுதான்."