மாயாண்டிக்கு முடியும்

1

இந்தக் கதை ஒரு பாரத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கேட்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி. நாலு விரல் அகலம், இரண்டு விரல் உயரம். முடிவு சரியில்லை என்று நினைத்தால் காரணத்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று மலாய் மொழியில் போட்டிருந்தது. எதிர்வீட்டு நீலாவதிதான் அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அவள் புருஷன் மாயாண்டி முழு வேலைக்குத் தகுதியான ஆள் என்று ஓர் ஆபீஸ் எழுதிவிட்டது. அது தப்பு என்று நாங்கள் எழுத வேண்டும்.

எழுத உட்கார்ந்தேன். பெட்டி நிரம்பிவிட்டது, விஷயம் இன்னும் வாசலுக்கே வரவில்லை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் எழுதியதுதான் இது.

நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். கதை எழுதுகிற ஆள் இல்லை. எந்த ஆபீஸ், எந்த எஸ்டேட் என்று எழுதமாட்டேன். எழுதினால் அவர்கள் என் பேரை எழுதிக்கொள்வார்கள். மலேசியாவில் நெகிரி செம்பிலான், எண்ணெய்க்குப் பழம் வெட்டுகிற ஒரு செம்பனைத் தோட்டம், ராசா என்கிற ஊருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். உங்களுக்கு அது போதும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மாயாண்டி நல்ல உழைப்பாளி. ஐம்பத்து நாலு வயதில் அவனுக்கு இரண்டு கிட்னியும்..."

வேண்டாம். சாவு வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆள் உயிரோடு எதிர்வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறான்.

இரண்டாவது:

"அன்று காலை வானம்..."

வானம் எப்படி இருந்தால் என்ன.

மூன்றாவது. இதை அடிக்கவில்லை, படியுங்கள்:

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாயாண்டி ராசாவுக்குப் போய் டயாலிசிஸ் மிஷினில் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். ஊசி குத்துவதற்கென்றே இடது கையில் ஆபரேஷன் செய்து இரண்டு நரம்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே அது கயிறு முறுக்கினது போல எழும்பி நிற்கும். தொட்டால் உள்ளே என்னவோ ஓடுகிற மாதிரி அதிரும். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. ஏழு மாதம் மெடிக்கல் லீவில் இருந்தான். இதற்கு மேல் லீவு கிடையாது என்று எஸ்டேட் ஆபீஸ் கிளார்க், எங்கள் பேச்சில் கிராணி, சொல்லிவிட்டார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஆனால் பழக்குலை வெட்டுகிற வேலைக்குத் திரும்ப உடம்பில் தெம்பு இல்லை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று டயாலிசிஸ் சென்டரில் ஒரு நர்ஸ் சொன்னாள். ஓர் ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் ஆள் அனுப்புவார்கள். வேலை செய்கிற இடத்துக்கே வந்து, இவனால் எது முடியும், எது முடியாது என்று பார்த்து எழுதுவார்கள். அந்தப் பேப்பர் சரியாக வந்தால் எஸ்டேட்டில் கேட் வாட்ச்மேன் வேலை கேட்கலாம், சிகிச்சைக்குப் போகிற நாளுக்கு விடுப்பு கேட்கலாம், மாதாமாதம் கொஞ்சம் உதவியும் வரும்.

எனக்கு விளங்காதது இங்கேதான் ஆரம்பிக்கிறது. எஸ்டேட்டுக்குப் போகிற பேப்பரில் இவனால் வேலை செய்ய முடியும் என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். உதவி ஆபீஸ் பேப்பரில் முடியாது என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவி வராது. ஒரே ஆள், ஒரே உடம்பு, ஒரே வாரம்.

(குறிப்பு: இதை, படிப்பாளிகள் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் ரெண்டும் ஒன்றுதான் என்றார். ஒருவர் ரெண்டும் வேறு வேறு என்றார். மூன்றாமவர் என் அடையாளக் கார்டு நம்பரைக் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.)

3

ஆபீஸில் இருந்து வந்தவளைப் பற்றி நான் முதலில் எழுதினது:

"அவள் பேர் ஜூலியானா. மந்தினில் இருந்து வருகிறவள். தமிழ்ப் பெண்தான், ஆனால் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. காரை விட்டு இறங்காமலே, கண்ணாடியைப் பாதி இறக்கி..."

இது வரைக்கும் நீலாவதியிடம் படித்துக் காட்டினேன். சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதா?"

"கதைக்கு அப்பிடி இருந்தா நல்லா இருக்கும்மா."

"நம்ம வீட்ல உக்காந்து, நான் வறுத்த மீயச் சாப்பிட்டுட்டு, 'அக்கா, மீ நல்லா இருக்கு'ன்னு தமிழ்லதானே சொல்லிச்சு. ரெண்டாந்தரம் வேற போட்டுக்கிச்சு."

"சரி, மாத்தறேன்."

"கார விட்டு எறங்கலையா? சப்பாத்து பூரா சேறு. நாந்தான் தண்ணி மொண்டு ஊத்தினேன்."

"மாத்தறேன்னு சொல்றேன்லா."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

"மண்டோரண்ணே, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு அந்த எடத்துல மூனு பேரு நின்னீங்க. நீங்க எழுதினதுல ரெண்டு பேருதான் இருக்கு."

4

சரி. அந்த மூன்றாவது ஆள் நான். என் பேர் தர்மராஜ். இந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் மண்டோராக ஆள்களை வேலை வாங்கினவன். வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'நான் செய்தேன்' என்று எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. அதனால் இந்தப் பகுதியில் மட்டும் வேறு யாரோ ஓர் ஆள் மாதிரி எழுதுகிறேன். நீங்கள் ஏமாற வேண்டாம்.

ஆபீஸில் இருந்து ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதும் தர்மராஜ் மாயாண்டி வீட்டுக்குப் போனார். துரை வந்தாலும், எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் வந்தாலும், யார் வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரே மாதிரிதான்.

"சேவ் பண்ணு. தலைக்கு மை போடு."

"எதுக்குண்ணே? நோயாளியத்தானே பாக்க வராங்க."

"நோயாளின்னா அழுக்கா நிக்கணுமா? முழுக்கை சட்டை போடு. அந்தக் கையப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

மாயாண்டி மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டான். மணிக்கட்டில் பட்டனையும் போட்டான். தலை கன்னங்கரேல் என்று இருந்தது. "மாப்பிள்ள மாதிரி இருக்கடா" என்றார் தர்மராஜ்.

ஜூலியானா பெரட்டுக் களத்தில் நின்றாள். விடியற்காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம் அது. வயது இருபத்தெட்டு இருக்கும். கையில் ஃபைல்.

"அங்கள், கேட்லேர்ந்து இது வரைக்கும் நிக்காம நடந்து வர முடியுமா?"

"வருவான்" என்றார் தர்மராஜ்.

"அவரக் கேட்டேன் அங்கள்."

மாயாண்டி தர்மராஜின் முகத்தைப் பார்த்தான். "முடியும்ங்க."

"படி ஏற?"

"அதெல்லாம் ஏறுவான்மா. மேட்டுக் காட்ல பழம் வெட்டினவன்."

"முடியும்ங்க" என்றான் மாயாண்டி.

"வெயில்ல ரெண்டு மணி நேரம் நிக்க?"

"முடியும்ங்க."

"இந்தக் கையால வெயிட் தூக்க முடியுமா? கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஆனா நீங்க எப்பிடி இருக்கீங்கன்னு நான் பாத்து எழுதணும்."

அவள் காட்டினது இடது கையை. அது சட்டைக்குள் இருந்தது.

தர்மராஜ் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் உதிரிப் பழ மூட்டை ஒன்று கிடந்தது. அதைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். மாயாண்டி குனிந்து, அந்த மூட்டையை இடது கையால் தூக்கி, இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக வைத்தான். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

ஜூலியானா ஃபைலைத் திறந்தாள். பிறகு எழுதினாள். அதன் பிறகு நீலாவதி வறுத்த மீ நூடுல்ஸ் சாப்பிட்டாள். தர்மராஜ் நிமிர்ந்துகொண்டு வீட்டுக்குப் போனார். தன் ஆள் ஒருத்தனைக் குறை சொல்ல முடியாதபடி நிறுத்திக் காட்டிய...

(அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இஷ்டமில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

அந்தக் கிழவனுக்கு என்ன புத்தி கெட்டுப்போயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முப்பத்தொரு வருடம் காலை ஐந்தரை மணிக்குப் பேர் கூப்பிட்டேன். பக்கத்தில் கிராணி நிற்பார். "எப்படி மண்டோர், எல்லாம் சரியா?" என்பார். வரிசையில் ஒருத்தன் காய்ச்சலில் ஆடிக்கொண்டு நிற்பான். நான் "எல்லாம் ரெடி" என்பேன். முடியவில்லை என்று வாயைத் திறந்தால் டிரசரிடம் அனுப்புவார்கள். ஒன்றுமில்லை என்று டிரசர் திருப்பி அனுப்புவார். பேருக்கு எதிரே சிவப்புக் கோடு விழும். கோடு சேர்ந்துபோய் லயத்தைக் காலி செய்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முடியும் என்று கணக்குக் காட்டிவிட்டு, காட்டுக்குள் போனதும் அவனை நிழலில் உட்கார வைத்துவிடுவேன். அவன் பங்கை மற்றவர்கள் பிரித்து வெட்டுவார்கள். மாயாண்டியையும் அப்படி உட்கார வைத்திருக்கிறேன். அவன் எத்தனையோ பேருக்காக வெட்டியும் இருக்கிறான். ஓர் ஆளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இப்போது காட்டுக்குள் நான் இல்லை. என்னுடைய ஆள்களும் இல்லை.

முன்பு அது சரி, இப்போது தப்பு என்று எழுதினேன். அடித்துவிட்டேன். முன்பும் தப்பு என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். முன்பு ஒருத்தனாவது முடியாது என்று உரக்கச் சொல்லியிருந்தால்...

தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. முழு வேலைக்குத் தகுதி. எஸ்டேட்டில் அதை வைத்துக்கொண்டு மாயாண்டியை உதிரிப் பழம் பொறுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலையில் போட்டார்கள். ராசாவுக்குப் போகிற நாளெல்லாம் வராத நாள் என்று எழுதப்படும் என்றார் கிராணி. புதன்கிழமை வேலைக்கு இறங்கினான். வியாழக்கிழமை மிஷினுக்குப் போகவில்லை, வராத நாள் விழும் என்று பயந்து காட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமை முகம் ஊதி, மூச்சு வாங்கி, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பங்களாதேஷ் ஆள் ஒருவன் அவனை அதே தள்ளுவண்டியில் உட்கார வைத்து லாரி போகிற மண் சடக்கு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். அங்கே இருந்து ஆஸ்பத்திரி.

அவன் வீட்டுக்குத் திரும்பின அன்றுதான் நீலாவதி பாரத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "வாயத் தொறந்தது நீங்க. கையத் தொறந்து எழுதுங்க" என்றாள்.

6

பெட்டியில் எழுதினதை எல்லாம் மை வைத்து அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரு வரிதான் எழுதிக் கொடுத்தேன். 'அன்று பதில் சொன்னது இவர் இல்லை, நான். தர்மராஜ், பழைய மண்டோர்.' இவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். படித்திருக்கிறார்கள். மறுபடியும் பார்க்க வருகிறார்கள். நாளை, புதன்கிழமை. அதே களம், அதே ஜூலியானா.

எனக்கு மூன்று முடிவு தெரியும்.

ஒன்றில், மாயாண்டி எதைக் கேட்டாலும் முடியாது என்கிறான். உதவி வருகிறது. ஒன்றும் முடியாதவன் நமக்கு எதற்கு என்று எஸ்டேட் அவனை நிறுத்திவிடுகிறது. வீடு போகிறது.

இன்னொன்றில், இது முடியும், இது முடியாது என்று அவன் பிரித்துச் சொல்கிறான். கேட் வேலை கிடைக்கிறது. நீலாவதிக்கு இதுதான் வேண்டும். எனக்கும் இதுதான் வேண்டும். ஆனால் மாயாண்டி அப்படிப் பிரித்துப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காத பேச்சை எப்படி எழுதுவது?

மூன்றாவது முடிவை எழுதமாட்டேன். அவன் மறுபடியும் என் முகத்தைப் பார்ப்பதில் அது தொடங்குகிறது.

நேற்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பனியனோடு உட்கார்ந்து இடது கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நாளன்னிக்கு என்னடா சொல்லப்போற?"

"நீங்க வருவீங்கல்ல?"

"நான் எதுக்கு? பண்ணினது பத்தாதா?"

"நீங்க இல்லாம பெரட்டுக் களத்துல நிக்க எனக்கு வரலண்ணே."

"வந்தா என் வாய் சும்மா இருக்காதுடா."

"வெத்தலையப் போட்டுக்குங்க. துப்பற வரைக்கும் பேச மாட்டீங்க."

உள்ளே இருந்து நீலாவதி சிரித்தாள். "ரெண்டு வெத்தலையா போட்டுக்குங்கண்ணே" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. "வெளையாடாத. அந்தப் பிள்ள கேட்டா என்ன சொல்லுவ?"

அவன் கையைத் தடவுவதை நிறுத்தினான்.

"தெரியலண்ணே. முடியும் முடியும்னு சொல்லிச் சொல்லி, எது முடியாதுன்னு எனக்கே தெரியல."

7

இன்று செவ்வாய். மாயாண்டி ராசாவில் மிஷினில் படுத்துக் கிடக்கிறான். நான் நாளைக் காலையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

களத்தில் மூன்று பேர். மாயாண்டி அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறான். கை எழும்பி நிற்பது பத்தடி தூரத்திலேயே தெரிகிறது. மை இறங்கி, தலை வேரில் வெள்ளையாக இருக்கிறது. சேவ் பண்ணவில்லை. பக்கத்தில் மூட்டை எதுவும் கிடக்காமல் காலையிலேயே போய் நான் நகர்த்தி வைத்திருக்கிறேன். என் வாய் நிறைய வெற்றிலை.

ஜூலியானா ஃபைலைத் திறக்கிறாள். "அங்கள், மெதுவா சொல்லுங்க. எது முடியுது, எது முடியல?"

மாயாண்டி என் முகத்தைப் பார்க்கிறான். பார்ப்பான், அத்தனை வருடப் பழக்கம். நான் தலையைத் திருப்பி செம்பனை மரத்தைப் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மரம்தான். இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இதற்குக் கீழே அவன் பதில் வர வேண்டும். எனக்கு நாலைந்து பதில் தெரியும், எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டிருக்கிறேன். இத்தனை பக்கம் படித்த உங்களுக்கும் ஒரு பதில் தோன்றியிருக்கும். என்னுடையதைவிட நல்ல பதிலாகவே இருக்கும். தயவுசெய்து நீங்களும் அவனுக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். பாரத்தில் இருந்த பெட்டியைவிடப் பெரிய இடம்.

மாயாண்டி சொன்னது: