கோழிக்குப் பல் வைத்த கதை

1

இந்தக் கதை ஒரு கோழியிலிருந்து பிறந்தது. அந்தக் கோழி ஒரு முட்டை அட்டையிலிருந்து பிறந்தது. ஆகவே எது முதலில் என்ற பழைய சண்டையை யாரும் இங்கே கிளப்ப வேண்டாம்.

முட்டை வாங்கும்போது கொடுக்கிறார்களே, சாம்பல் நிற அட்டை, அதை ஊறவைத்து, கிழித்து, மாவுப் பசை ஊற்றிப் பிசைந்த கூழில் செய்த கோழி. இப்போது என் எழுத்து மேசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அலங்காரத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பல் இருக்கிறது. அலகுக்குள் மேல் வரிசை முழுக்க, மனிதப் பல்.

குதிரைக்கொம்புக்கு மொழியில் இடம் கொடுத்திருக்கிறோம். கோழிப்பல்லுக்கு இன்னும் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதி ரொம்ப நாளாகிறது. சமீபத்தில் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் வாசித்தது, எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் ஒட்டிய “தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தவும்” என்ற அறிவிப்புதான். அதன் கீழே யாரோ பென்சிலால் “முடிவு அருமை” என்று எழுதியிருந்தார்கள்.

முதல் தொடக்கம்: “அன்று காலையிலிருந்தே மழை விடாமல்...” [வேண்டாம். மழையே பெய்யவில்லை. கதை தொடங்கத் தெரியாதவர்கள்தான் மழையைக் கூப்பிடுவார்கள்.]

இரண்டாவது தொடக்கம்: “படைப்பூக்கம் என்பது மனித மனத்தின் ஆழத்தில்...” [இதைப் படித்துக் காட்டினால் கோழியே சிரிக்கும். ஏற்கெனவே சிரிக்கிறது.]

மூன்றாவது: “எங்கள் கீழ்வீட்டில் ஒரு பல்காரர் இருக்கிறார்.” இது இருக்கட்டும்.

2

எங்கள் கீழ்வீட்டில் ஒரு பல்காரர் இருக்கிறார். (பலகாரர் என்று படித்துவிடாதீர்கள், அது வேறு கடை.) பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாகப் பொறுக்கி நட்டு, பல்செட் செய்து கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் இவர் புண்ணியத்தில்தான் முறுக்குக் கடிக்கிறார்கள் என்று எழுத ஆசை. ஆனால் யார் வாயில் தன் பல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவருக்கு வருவது அச்சும் ஒரு எண்ணும் மட்டும்தான்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இனிமேல் டீச்சர் என்றே சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பதறுகிறவர்களையெல்லாம் பதறாமல் தெருவுக்குள் இறக்கிவிடுவதுதான் அவர் தொழில். பாடம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சோபாவில் உட்கார்ந்தபடி வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டிருப்பார்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீடு அடங்கிவிட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் டீச்சர் தன் கைபேசியை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்திருக்கிறார். “நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவத்துல சார்ஜர் மாதிரி தொங்கிட்டிருக்கோம்” என்றாராம். அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, முட்டை அட்டை, கிழிந்த காலுறை, பொத்தான் டப்பா, மகள் விட்டுப்போன வண்ணங்கள் எல்லாவற்றையும் கொட்டினார். சட்டம் ஒன்றுதான். கையால் எதையாவது செய்ய வேண்டும். எதற்காக என்று கேட்கக் கூடாது.

டீச்சர் ஒரே அமர்வில் காலுறையில் ஒரு பூனையைத் தைத்து முடித்தார். ஒரு கண் நீலப் பொத்தான், இன்னொரு கண் கோட்டுப் பொத்தான். வால், காது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவருக்கு அதில் பரம திருப்தி.

பல்காரர் “அச்சு எங்க?” என்று கேட்டார்.

3

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் இதுதான் கதையின் முக்கியமான இடம்.

அச்சு இல்லாமல் அவர் எதையும் செய்ததில்லை. இருபத்தைந்து வருடமாக, அடுத்தவர் வாய் என்ன சொல்கிறதோ அதை அப்படியே கேட்ட கை அது. முதல் ஞாயிறு கூழைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோழி செய்வதென்று முடிவாவதற்கே இன்னொரு ஞாயிறு ஆனது. பிறகு உடம்பை உருட்டி, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், தேய்த்தார், கண்ணாடி டம்ளர் மாதிரி ஆகும்வரை தேய்த்தார். கடையில் விற்பது போலிருந்தது. அதுதான் பிரச்சினையும். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா இது யார் வீட்டுக் கோழி, நம்ம கோழி மாதிரி இல்லையே, கொஞ்சம் சிரிக்க வைங்களேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பிப் போனார்.

சிரிக்க வை என்று சொன்னால் ஒரு பல்காரர் என்ன செய்வார்?

நிறம் பொருந்தாமல் மிஞ்சிய பற்களை ஒரு மருந்து டப்பாவில் போட்டுவைத்திருப்பார். டீச்சர் அதை ஒருமுறை பட்டாணி என்று நினைத்திருக்கிறார். அது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

டீச்சர் திரும்பி வந்தபோது கோழி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ரோஸ் நிற மெழுகு ஈறு. முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், எதுவும் பாக்கியில்லை. டீச்சர் சிரித்த சிரிப்பு மேல்வீட்டில் எனக்குக் கேட்டது. தரையில் உட்கார்ந்து சிரித்தார். யாருக்கோ மூச்சு முட்டிவிட்டது என்று நான் இறங்கி ஓடினேன். என்னிடம் கோழியைத் தூக்கிக் காட்டி, மறுபடியும் முதலிலிருந்து சிரித்தார்.

பல்காரர் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். கோழியை வாங்கி என் கையில் கொடுத்து, “இத நீங்க கொண்டுபோய் வெச்சிக்குங்க சார்” என்றார். அடுத்த ஞாயிறு அவர் மேசைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அவர் மறுபடி அந்த மேசைக்கு வருவாரா? இந்தக் கதையில் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள், ஞாயிறு மத்தியானம் ஒரு மேசையில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து பூனைக்கு மீசை ஒட்டிக்கொண்டிருப்பதை வந்து பார்க்க வேண்டும். டீச்சர் அந்தப் பூனைக்கு இப்போது தேவைக்கு மேலேயே மீசை ஒட்டியிருக்கிறார்.

4

எனக்கு இந்த ஆளின் மேல் சந்தேகம். கோழியைப் பார்த்துச் சிரித்ததற்கு ஒரு வளர்ந்த மனிதர் இவ்வளவு கோபப்படுவாரா? கதாசிரியன் என்ற முறையில் அவருக்கு ஒரு காரணம் செய்து கொடுக்க முயன்றேன்.

“சின்ன வயதில் அவர் களிமண்ணில் செய்த யானையை அப்பா காலால் மிதித்து...” [அடித்துவிட்டேன். அவர் அப்பாவை எனக்குத் தெரியும். எறும்பு வரிசை குறுக்கே வந்தால் நின்று வழிவிடுகிற மனிதர். பிள்ளைக்குக் காயம் தேடுகிற அவசரத்தில் அப்பாவை வில்லனாக்குவது கதாசிரியர்களின் சோம்பேறித்தனம்.]

“கலைஞனின் தன்மானம்...” [சே.]

அவரையே கேட்டுவிடலாம் என்று மாடிப்படியில் மடக்கினேன். கையில் பால் பாக்கெட்டோடு நின்றார். கோபமெல்லாம் இல்லை என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “எனக்குன்னு ஒண்ணும் வராது சார். கை அச்சுக்குப் பழகிடுச்சு. கோழி செய்யச் சொன்னா பல்லுதான் வருது” என்றார்.

சொன்னது சோகமான விஷயம்தான். ஆனால் சொன்ன முகம் சோகமாக இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நல்ல வசனம் கிடைத்த சந்தோஷத்தில் மேலே ஓடிவந்து எழுதிக்கொண்டேன்.

5

டீச்சர் ஒரு நாள் கோழியைப் பார்க்க வந்தார். அவர் வருத்தமாகத்தான் இருந்தார். சிரித்திருக்கக் கூடாதோ என்று கேட்டார். வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் கதவைத் தூணில் உரசினால்கூடத் தான் சிரிப்பதில்லை என்றும், சிரித்தால் அவர்கள் மறுநாள் வரமாட்டார்கள் என்றும், வெளியில் இத்தனை பேரிடம் இருக்கும் பொறுமை சொந்தப் புருஷனிடம் இல்லாமல் போய்விட்டதே என்றும் புலம்பினார். பேசிக்கொண்டே கோழியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

திருப்பியதும் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது, பாவம்.

பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். கோழியின் மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் மட்டும் நேராக இல்லை. கொஞ்சம் முன்னால் வந்து, பக்கத்துப் பல்லின் மேல் தோள் போட்டுக்கொண்டு நின்றது. தெத்துப்பல். டீச்சரின் நாக்கு உதட்டுக்குள் நகர்ந்து தன் இடப்பக்கக் கோரைப்பல்லைத் தொட்டுப் பார்ப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. டீச்சருக்கு அதே இடத்தில் அதே தெத்துப்பல். நான் தினம் பார்க்கிற சிரிப்பு, மேசையில் கோழி வடிவில் இருந்தும் அடையாளம் தெரியவில்லை. எழுதுகிறவனுக்குக் கண் இருக்கிறது என்று யார் சொன்னது?

டீச்சர் கோழியை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் சிவந்து, சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டது. போகும்போது வாசலில் நின்று, “அண்ணா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

“அவருக்கே தெரியாம வந்திருக்கு. தெரிஞ்சா அளவெடுக்க ஆரம்பிச்சிடுவார்.”

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன்.

6

[இந்தப் பகுதி என் திட்டத்தில் இல்லை. ஐந்தோடு முடித்து, “சில சிரிப்புகளுக்கு அச்சு தேவையில்லை” என்று ஒரு கடைசி வரியும் தயாராக வைத்திருந்தேன். நல்ல வேளை, கதவு தட்டப்பட்டது.]

பல்காரர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கோழிக்கு முன்னால் நின்றார். அன்று மாடிப்படியில் சொன்னது பொய் என்றார். பொய்யில்லை, பாதி என்றார். பல் நடும்போது எதையும் யோசிக்கவில்லையாம், கை பாட்டுக்கு நட்டுக்கொண்டே போனதாம். டீச்சர் கோழியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தபோதுதான் இரண்டு வாயையும் ஒன்றாகப் பார்த்தாராம்.

“பக்குன்னு ஆயிடுச்சு சார். அச்சே இல்லாம அப்படியே வந்திருக்கு.”

அப்படியானால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் என் கைவேலை ஒன்றும் இல்லை.

“கல்யாணமான புதுசுல, நான் பல்லு வேலை பாக்கறவன்னு, என் முன்னாடி சிரிச்சாலே கையால வாயை மூடிக்குவா. அந்தக் கை கீழ இறங்க எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப இது தெரிஞ்சா மறுபடி மூட ஆரம்பிச்சிடுவா. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

மேசைக்கு ஏன் போவதில்லை என்று கேட்டேன். பயமாக இருக்கிறது என்றார். முன்பு கை சொன்னதைக் கேட்டது. இப்போது அதுவாக ஏதோ செய்யப் பார்க்கிறது. மறுபடி உட்கார்ந்தால் என்ன வந்து நிற்கும் என்று தனக்கே தெரியவில்லை என்றார். வேலையிடத்தில் மிஞ்சிய மெழுகைக்கூட இப்போது விரல் சும்மா விடுவதில்லையாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டீச்சரிடம் படிக்கிறவர்கள் முதல்முறை மூன்றாவது கியர் போட்டதும் ஒரு முகம் காட்டுவார்களே, பயமும் சந்தோஷமும் பிரிக்க முடியாமல், அந்த முகம்.

எனக்கு அவர் மேல் பொறாமை வந்தது. ரொம்ப நாளாக என் கை நான் சொன்னதை மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தது.

வாயைத் திறக்க மாட்டேன் என்று அவரிடமும் சொன்னேன்.

7

முடிவுகள்.

(அ) நான் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையை உடைக்கிறேன். இருவரும் கண்கலங்குகிறார்கள். [கோழியும் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு யாராலும் கண்கலங்க முடியாது.]

(ஆ) நான் சொல்லவில்லை. அவரவர் ரகசியத்தை அவரவர் வைத்துக்கொண்டு காலம் முழுக்க... [டீச்சர் இன்னும் எத்தனை மீசை ஒட்டுவார்? பூனைக்கும் ஒரு அளவு இருக்கிறது.]

(இ) ஒன்று செய்யலாம். நான் எழுதி ஏதாவது அச்சில் வந்தால், டீச்சர் அந்த ஞாயிறே மேசையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். கேட்பதற்குப் பல்காரரும் டீக் கோப்பையோடு எதிரே வந்து உட்காருவார். மோட்டார் அறிவிப்பைக்கூட அப்படித்தான் வாசித்தார்களாம். அந்தப் பென்சில் யாருடையது என்றுகூட எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆகவே, டீச்சர், இதை வாசித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் பகுதியிலேயே உங்கள் குரல் தடுமாறியிருக்கும். ஆறாம் பகுதியில் எதிரே கோப்பை கீழே வைக்கப்பட்டிருக்கும். இப்போது பத்திரிகையைத் தாழ்த்தி நிமிர்ந்து பாருங்கள். சிரிப்பு வந்தால் வாயை மூடாதீர்கள். தம்பி, நீங்கள் அளவெடுக்காதீர்கள்.

மற்ற வாசகர்களே, முடிவை நான் எழுதப் போவதில்லை. மேசையில் கூழ் ஈரமாக இருக்கிறது, பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் இங்கே நின்றுகொண்டிருப்பது நன்றாக இல்லை. வாருங்கள், சத்தம் போடாமல் வெளியே போய்விடலாம். கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.