212-இன் மூன்றாவது ரத்தம்

1

இந்தக் கதை ஒரு திருத்தத்தில் பிறந்தது. கணினியின் ஒரு கட்டத்தில் 'உண்டு' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் 'இல்லை' என்று போட்டுவிட்டார். யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னோடு பேச மாட்டீர்கள்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது' என்பது முதலாவது. அன்று மழையே இல்லை. 'போதை ஊசி என்பது இன்றைய சமூகத்தைச் சீரழிக்கும்' என்று இரண்டாவது போனது. பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

2

ஆராய்ச்சியாளர் பரிசோதனைக்கூடத்தின் பதிவேட்டில் ஸ்கேலை வைத்து வரி வரியாகக் கீழே நகர்த்தினார். ஒவ்வொரு வரிக்கும் தலையைத் தூக்கிக் கணினியைப் பார்த்தார். இந்தக் காலத்திலும் ஸ்கேலா என்று அலுவலகத்தில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். (நானும்தான்.)

போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புது ஊசிகள் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, எச்.ஐ.வி. பரவுவது குறைகிறதா என்று பார்ப்பது அவருடைய ஐந்து வருட வேலை. யாரிடமும் பெயர் கேட்பதில்லை. எண் போட்ட ஓர் அட்டை, அவ்வளவுதான். அட்டையைக் காட்டினால் ஊசி கிடைக்கும், கேள்வி வராது.

ஸ்கேல் 212-இல் நின்றது. மூன்றாவது ரத்தம்: பதிவேட்டில் தொற்று உண்டு, இருமுறை சோதித்தது என்று குறிப்பும் இருந்தது. கணினியிலோ இல்லை. நான்காவது ரத்தம்: இரண்டிலும் இல்லை. ஒருவர் உடம்புக்குள் புகுந்த எச்.ஐ.வி. மனம் மாறி வெளியேறிவிடாது. அப்படியென்றால் ஓர் அட்டையில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருப்பதை இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

[முதல் வரைவில் இங்கே அவரை அழவைத்தேன். பொருந்தவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.]

நர்ஸ் ஸ்கேல் நின்ற வரியை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு பேர்தான் டாக்டர். ஒருத்தருக்கு இடது கையில நரம்பு சுலபமாக் கிடைக்கும். இன்னொருத்தருக்கு வலது கை, அதுவும் மணிக்கட்டுக்கிட்டதான். சொன்னா அவருக்கு ஊசி நின்னுடும்னு விட்டுட்டேன்."*

ஆராய்ச்சியாளருக்குக் கோபம் வந்தது. தானும் அப்படித்தான் செய்திருப்போம் என்று தோன்றியதும் அது அடங்கியது.

* நர்ஸுக்குப் பதினெட்டு வருட அனுபவம். முகங்கள் மறந்துபோகும், கைகள் மறக்காது என்பார்.

3

அடுத்த வாரம் ஊசி வாங்க வந்த 212-ஐ ஆராய்ச்சியாளர் உள்ளே அழைத்தார். இடது கைக்காரர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தான் மட்டும்தான் வருவதாக மூன்று முறை சத்தியம் செய்தார். நான்காவது முறை வாய் வரவில்லை. அண்ணன் என்றார். அண்ணனுக்குத் தனி அட்டை வேண்டாமாம். சட்டைப் பையில் அது அண்ணி கண்ணில் பட்டால் குடும்பமே உடைந்துவிடுமாம். ரத்தம் எடுக்கிற அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல், அதனால் ஊசி வாங்க வந்த அண்ணனே கையை நீட்டிவிட்டாராம்.

ஆராய்ச்சியாளர் புது அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தார். எண் 388.

"இது இங்கயே, நர்ஸ் மேஜைக்குள்ள இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேண்டாம். நம்பரை மட்டும் மனசுல வச்சுக்கச் சொல்லுங்க. வியாழக்கிழமை காலைல வரட்டும்."

"அண்ணனுக்கு ஏதாவது இருக்கா டாக்டர்?"

"அதை நான் உங்ககிட்ட சொல்ல முடியாது தம்பி. நாளைக்கு உங்களைப் பத்தி அவர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

தம்பி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அன்று மாலையே, அட்டைகள் கை மாறியிருக்கின்றன, எத்தனை என்று தெரியாது என ஆராய்ச்சியாளர் மேலிடத்துக்கு எழுதினார். ஐந்து வருட முடிவுகள் அந்த ஒரு வரியில் ஆட்டம் கண்டன. 212-ஐ மட்டும் நீக்கிவிட்டுப் போகலாமே என்று மேலதிகாரி கேட்டாராம். நீக்கினால் அந்த ஆள் எங்கே போவார் என்று இவர் கேட்டாராம்.

4

திருத்தியது நான்தான்.

அங்கே தரவுப் பதிவாளராக இருந்தேன். ரத்தத்தைச் சோதிக்கும் ரசாயனத்தின் தட்டுப்பாட்டால் மூன்றாவது, நான்காவது ரத்தங்களின் முடிவுகள் ஒரே கட்டாக வந்தன. 212-க்கு முதலில் உண்டு, அதற்கடுத்து இல்லை. இது நடக்காத காரியமாயிற்றே, கூடத்தில் யாரோ தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து மாற்றிவிட்டு, 'எழுத்துப் பிழை' என்று குறிப்பும் போட்டேன். வரிசை அழகாகிவிட்டது. திருப்தியாகச் சாப்பிடப் போனேன்.

அந்தத் திருத்தத்தால் நான்கு மாதம் அந்த மனிதர் மாத்திரை இல்லாமல் இருந்தார். அவர் வீட்டில் ஒரு பெண்ணும் இருந்தார். இதை எந்த நடையில் எழுதினாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

அந்த வியாழக்கிழமைக்கு முன்பே என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எனவே முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அண்ணன் வருகிறார். நர்ஸ் கேட்காமலே வலது கையைப் பிடிக்கிறார்.

இரண்டாவது: அவர் வரவில்லை. நாற்காலி

மூன்றாவது: அவர் வருகிறார், தனியாக அல்ல, பின்னால் அண்ணியும்

எதுவும் பிடிக்காமல், ஒரு நாள் படிக்கட்டில் ஆராய்ச்சியாளரை மறித்து, 388 வந்தாரா என்று கேட்டேன். தூக்கம் வரவில்லை என்றும் சொன்னேன்.

என்னை அவர் திட்டவில்லை. தம்பியிடம் பேசிய அதே குரலில் சொன்னார்.

"அதை நான் உங்ககிட்ட சொல்ல முடியாது."

மூன்று முடிவுகளில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், நான்காவதாக ஒன்றும் எழுதிக்கொள்ளலாம். நான் தொடமாட்டேன். அந்த மனிதருக்குத் தெரியாமல் அவர் முடிவை ஒருமுறை நான் எழுதிவிட்டேன்.