வெண்டலின் கோட்டில் விழுந்த ஓட்டை

ஹார்லோ பியூட் ஊரில் கோதுமை நல்ல விலைக்குப் போன வருடத்தில், ஆர்டித் க்ரோன்லியின் கைத்துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே இலக்குத் தாளில் ஓட்டை விழ ஆரம்பித்தது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மொன்டானா மாநிலத்தின் கிழக்கு மூலையில் காற்று அடிக்கிற அடியில் சத்தம் தாமதமாகக் காதுக்கு வருவது சகஜம்தான் என்றார்கள். ஆனால் அடுத்த வருடம், ஊரின் துப்பாக்கி சுடும் கிளப் நடத்திய மே மாதப் போட்டியில், ஆர்டித் காதுக்கவசம்கூட மாட்டாமல் நொரீன் பிக்ஸோடு அரட்டை அடித்துக்கொண்டு நின்றபோது, அவளுடைய தாளின் நடுவட்டத்தில் சத்தமே இல்லாமல் ஓர் ஓட்டை விழுந்தது. கிளப்பில் புள்ளி எண்ணுகிறவள் நொரீன். தாளைப் பார்த்தாள், தோழியைப் பார்த்தாள், பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டாள். "ஏண்டி, இத நான் எந்தக் கணக்குல எழுதித் தொலைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தத் துப்பாக்கி முதலில் ஆர்டித்துடையதே அல்ல. அவள் புருஷன் வெண்டல், மாட்டுத்தீவனம் விற்க வந்த கார்லீனோடு ஊரின் மறுகோடிக்குக் குடிபோனபோது, வேண்டாம் என்று அலமாரியில் விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று. "அது நேரா சுடாது. உன் கைக்கும் அடங்காது. வித்துடு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போனான். சொன்னது பொய்யில்லை. குறிபார்க்கத் தொழிற்சாலை குழல்மேல் வைத்து அனுப்பிய குறிமுள் மொண்ணையாக இருந்தது, கைப்பிடி தடித்திருந்தது, விசையை இழுப்பதென்றால் துருப்பிடித்த பட்டிக் கதவைத் திறக்கிற மாதிரி. ஆனால் அவள் விற்கவில்லை. பல் டாக்டருக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கிற வேலை அவளுக்கு. அரத்தோடும் மெருகுக் கல்லோடும் பழகிய விரல்கள். விவாகரத்து முடிந்த குளிர்காலத்தில், தபாலில் வாங்கிய பச்சைப் புள்ளி மினுங்கும் முன்முள்ளையும், அதை நேர்பார்க்க ஆழமாக வெட்டிய கறுப்புப் பின்தகட்டையும் பொருத்தினாள். அதோடு துப்பாக்கி நேராகச் சுட்டது. அடுத்த குளிர்காலத்தில் மான்கொம்பில் மெல்லிய கைப்பிடி போட்டாள், அது அவள் கைக்கு அடங்கியது. ஓட்டைக்குப் பிறகுதான் சத்தம் என்று ஆனதும் அப்போதுதான். மூன்றாவது குளிர்காலத்தில் உள்ளே உரசுகிற உறுப்புகள் ஒவ்வொன்றையும் பல்லுக்குப் போடுகிற மெருகு போட்டு, மெல்லிய ஸ்பிரிங் மாட்டினாள். விசை அத்தனை லேசாகிவிட்டதால் அவள் இழுக்கப்போவது அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது நொரீனின் அபிப்பிராயம். அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

கிளப்பின் தலைவர் வேறு யாருமில்லை, வெண்டலேதான். சுடாத ஓட்டைக்குப் புள்ளி கிடையாது என்று தீர்மானம் போட்டான். சரி என்று ஆர்டித் வரிசைக்குப் போய் நின்று சுட்டாள். குண்டுகள் ஏற்கெனவே விழுந்திருந்த ஓட்டைகளுக்குள் விளிம்பில்கூடப் படாமல் புகுந்து போயின. பிறகு நொரீன் ஓட்டைகளின் மேல் காகிதம் ஒட்டி, அது கிழிந்தால் புள்ளி என்று வழிசெய்தாள். அந்த வகையில் ஆர்டித் இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒரு கூட்டத்தில் வெண்டல் எழுந்து, அவள் பழைய உறுப்புகளையே திரும்ப மாட்டிக்கொண்டு வரவேண்டும் என்றான். ஆர்டித் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மொண்ணையா இருந்தப்ப எனக்குத் தள்ளிவிட்ட. இப்ப கூரானதும் உனக்கு உறுத்துதோ? முடியாதுப்பா. மாத்த மாட்டேன்." வாக்கெடுப்பில் அவள் பக்கம் ஒரு கை கூடுதலாக எழுந்தது.

அக்டோபரில், காட்டுமான் வேட்டை தொடங்கிய நாளன்று, கிளப்பின் கொக்கியில் தொங்கிய வெண்டலின் பழுப்புக் கோட்டில் ஓட்டை விழுந்தது. இடது மார்பில் புகுந்து முதுகு வழியாகப் போயிருந்தது. விளிம்பு கருகி, வெடிமருந்து வாசனை அடித்தது. நொரீன் அளந்து பார்த்தாள். நாற்பத்தைந்து காலிபர், அந்தக் கிளப்பில் அந்த அளவுக் குண்டு போடுகிற துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது.

இதுவரை அந்த ஓட்டைகள் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பது ஊருக்குத் தெரியும். அதனால் வெண்டல் செத்தவனாகவே நடத்தப்பட்டான். சாவு வீட்டுக்குக் கொடுக்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தங்களை லுத்தரன் தேவாலயத்துப் பெண்கள் முன்கூட்டியே கொண்டுவந்து அவன் குளிர்சாதனப் பெட்டியை நிரப்பினார்கள். அடக்கத்தில் பாடுவதற்கு அவனுக்குப் பிடித்த பாட்டு எது என்று பாதிரியார் விசாரித்தார். தீவனக்கடையில் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். கார்லீன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள், இந்த வயதில் விதவையாகத் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீஃப் மெர்ல் டோபின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆர்டித்தின் சமையலறைக்கு வந்தார்.

"அந்தத் துப்பாக்கிய எங்கிட்ட குடுத்துடேன், ஆர்டித்."

"எதுக்கு? நான் என்ன செஞ்சேன்?"

"இன்னும் ஒண்ணும் செய்யல."

"அப்ப செஞ்சப்புறம் வாங்க மெர்ல். காப்பிக்குச் சர்க்கரை போடணுமா?"

"போடு" என்றார் அவர். தொப்பியை மேசையில் வைத்தார்.

அவர் போன பிறகு ஆர்டித் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊர் நினைத்ததில் ஒன்று சரி. வெண்டல் அவளை விட்டுப்போன வருடம், பாத்திரம் கழுவும்போதும் பொய்ப்பல்லுக்கு மெருகு போடும்போதும் அவனைச் சுடுவதாக அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள், ஒருமுறை இருமுறை அல்ல. கோட்டில் விழுந்திருந்த இடம் அவள் நினைப்பில் குறிவைத்த அதே இடம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பழைய தடித்த ஸ்பிரிங் இழுப்பறையில் இருந்தது. ஒரு மணி நேர வேலை, மாட்டிவிட்டால் ஊர் நிம்மதியாகத் தூங்கும். இழுப்பறையைத் திறந்தாள். மாட்டினால், வெண்டல் பிழைத்ததற்குக் காரணம் ஒரு ஸ்பிரிங் என்று ஆகிவிடும். அவன் செத்திருந்தால் அதற்கும் ஸ்பிரிங்தான் காரணம் என்று ஆகியிருக்கும். இரண்டிலும் தனக்கு இடமே இல்லை என்று தோன்றியது. கோபம் வந்தது. இழுப்பறையைச் சாத்திவிட்டு, குறிமுள்ளின் பச்சைப் புள்ளியைத் துணியால் துடைத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை கிளப்பின் சுடும் மைதானத்தில் ஊரே வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கூடியிருந்தது. ஆர்டித் தன் வரிசையில் போய் நின்றாள். அன்று அவளுடைய தாள் வெறுமையாக இருந்தது. எதிரே, தாளுக்கும் அவளுக்கும் நடுவில், வெண்டல் நடந்து வந்து நின்றான். அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தான். முகம் சவரம் பார்த்து நாளாகியிருந்தது.

"முடிச்சுடு ஆர்டித்" என்றான். "மூணு வாரமா கண்ண மூடல. ஊர்க்காரங்க எம் முகத்தப் பாத்து தொப்பியக் கழட்டுறாங்க. தாங்கல."

"பைத்தியமாடா உனக்கு, தள்ளிப் போ!" என்று நொரீன் கத்தினாள். அவன் அசையவில்லை.

ஆர்டித் துப்பாக்கியை எடுத்தாள். தரையைப் பார்த்துப் பிடித்திருந்த குழல் தானாக எழும்பியது. பச்சைப் புள்ளி கோட்டின் ஓட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் சுட்டுவிரலை விசைக்கு வெளியே, இரும்பின் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தாள். விசை அதைத் தேடி வந்தது. பூனை தலையை வைத்துத் தேய்ப்பதுபோல வந்து விரலில் உரசியது. மான்கொம்புக் கைப்பிடி கொதித்தது. அவளே அரத்தால் இழைத்து இழைத்துத் தன் கைக்கு ஏற்பச் செதுக்கியது, இப்போது கையை விடமாட்டேன் என்றது. கண்ணில் வியர்வை வழிந்தது. தீயணைப்பு நிலையத்தில் நண்பகல் சங்கு ஊதும்வரை அவள் அந்த விரலை நீட்டியபடியே வைத்திருந்தாள்.

சங்கு ஓய்ந்ததும் பேசினாள். "உன்னச் சுடணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு வெண்டல். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் சுடுறதும் சுடாததும் என் இஷ்டம். உன் கிழிஞ்ச கோட்டு சொல்லி நான் செய்ய மாட்டேன், இந்த ஊரு எதிர்பாத்துச்சுன்னும் செய்ய மாட்டேன். இதோ பாரு, துப்பாக்கி என்னுது, விரலும் என்னுது. நகரு. இது என் வரிசை."

வெண்டல் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு நகர்ந்துபோய் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதான். விசை தன் இடத்துக்குப் போய்விட்டது. ஆர்டித் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, வெறும் தாளில் ஒவ்வொரு ஓட்டையையும் தானே போட்டாள். கை ஓய்ந்திருந்ததால் இரண்டு குண்டுகள் வட்டத்துக்கு வெளியே போயின. அன்று அவளுக்கு ஐந்தாம் இடம். தோற்றதற்காகக் கைதட்டல் வாங்கியது கிளப்பின் வரலாற்றில் அவள் ஒருத்திதான்.

கோட்டின் ஓட்டையை வெண்டல் எத்தனை முறை தைத்தாலும் மறுநாள் காலை திறந்துகொண்டது. அப்புறம் அவன் தைப்பதை விட்டுவிட்டான். காற்று அடிக்கிற நாளில் அது லேசாக விசிலடிக்கும், அதைக் கேட்டு மாடுகள் அவன் பக்கம் வந்தன. சாவுப் பதார்த்தங்களை அவன் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டுத் தீர்த்தான். தலைவர் பதவிக்கு நொரீனைத் தேர்ந்தெடுத்தார்கள். துப்பாக்கியை இனியாவது பழையபடி மாற்றிவிடலாமே என்று பாதிரியார் நயமாகச் சொல்லிப் பார்த்தார். ஆர்டித் அந்த வாரமே இன்னும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றுக்கு ஆர்டர் அனுப்பினாள்.

வசந்தம் வந்ததும் ஓட்டைகள் மறுபடி முன்கூட்டியே விழ ஆரம்பித்தன. சனிக்கிழமைகளில் அவள் மற்றவர்களுக்கு முன்னால் வந்து, காப்பி குடித்துக்கொண்டே, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வோர் ஓட்டையாகப் பார்ப்பாள். பிடித்தவற்றைச் சுடுவாள். பிடிக்காததை அப்படியே விட்டுவிட்டு, துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, நொரீனோடு ஆப்பிள் பை பலகாரம் சாப்பிடப் போய்விடுவாள்.