பக்கத்து அறையில் கெல்வின்

"தம்பி வரமாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொல்ல முடியாது, ராஸ்லின். கோர்ட் சமரசத்துக்கு அனுப்பினா வந்துதான் ஆகணும்."

"அவனுக்கு இஷ்டமே இல்லன்னாலும்?"

"இஷ்டமான்னு யாரும் கேக்கப் போறதில்ல. ஒரு காலத்துல ஜட்ஜுங்க, மனசில்லாதவங்கள இழுத்துட்டு வந்து உக்கார வெச்சு என்ன பிரயோஜனம்னு விட்டுருவாங்க. அப்புறம் ஒரு தீர்ப்பு வந்துச்சு. மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தவங்கதான் பாதிப் பேரு பேசி முடிச்சிட்டுப் போறாங்க, அதனால 'எனக்கு இஷ்டமில்ல'ங்கறது ஒரு காரணமே இல்லன்னு. அன்னியிலேருந்து எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. உயில் வழக்குன்னா கேக்கவே வேண்டாம். சமரசம் பேசாம விசாரணைக்கே போகாது."

"அப்ப ஒரே மேஜையில எதிரெதிரா உக்காருவோம்."

இதற்கு வக்கீல் பெர்னடெட் தலையசைத்தாளா, அல்லது கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாளா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் மனைவி ராஸ்லின் என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. வழக்குப் போடுவது என்று அந்த நிமிஷத்தில் முடிவாகிவிட்டது.

சொத்துக்காக அல்ல. அவள் அப்பா ஆல்பி, சிட்னிக்குத் தெற்கே, நரூமாவுக்கு மேலே ஒரு கழிமுகத்தில் இருந்த சிப்பி வளர்க்கும் படுகைகள், கொட்டகை, படகு எல்லாவற்றையும் மகன் கெல்வினுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அது நியாயம்தான் என்று ராஸ்லினே சொல்வாள். தண்ணீரில் நின்று உழைத்தவன் அவன். அவளுக்கு வலித்தது கல்லறைக் கல்.

அவள் அம்மா இறந்தபோது வைத்த சின்னப் பலகையில், 'கெல்வின், ராஸ்லின் ஆகியோரின் அன்புத் தாய்' என்று இருந்தது. அப்பாவையும் அதே குழியில் அடக்கம் செய்த பிறகு கெல்வின் அந்தப் பலகையை எடுத்துவிட்டு இருவருக்கும் சேர்த்துப் புதிதாகக் கருங்கல் நட்டான். அதில் 'கெல்வினின் அன்புப் பெற்றோர்' என்று மட்டும் இருக்கிறது. அப்பாவோடு பேசாமல் இருந்த மகளை அம்மாவின் வயிற்றிலிருந்தும் சேர்த்து எடுத்துவிட்டான்.

பேசாமல் போனதற்குக் காரணம் நான். அறுவடை நேரத்தில் கொட்டகையை விட்டு, வுல்லொங்காங்கில் பஸ் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு போனாள். "இப்பப் போனா அப்படியே போயிரு" என்றார் ஆல்பி. அவரும் கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை. அவர் படுத்த படுக்கையானதைக் கெல்வின் சொல்லவில்லை. இறந்த செய்தியை நாங்கள் முகம் தெரியாத ஒருவரின் பேஸ்புக் பதிவில் பார்த்தோம்.

அதன் பிறகு அவள் கெல்வினுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. கொட்டகைக்கே போனோம். கார் திரும்புவதைப் பார்த்ததும் தட்டைப் படகில் ஏறி ஆற்றின் நடுவுக்குப் போய்விட்டான். அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டும்வரை ஒரே சிப்பிக் கூடையைத் திருப்பித் திருப்பி ஆட்டிக்கொண்டிருந்தான். கரையில் நின்று ராஸ்லின் சிரித்தாள். "பாரு டெஸ், அந்தச் சிப்பிக்கு வாந்தியே வந்துரும்." காரில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

"கல்லுல பேரு போடச் சொல்லி வழக்குப் போட முடியுமா?" என்றுதான் பெர்னடெட்டிடம் முதலில் கேட்டாள்.

"முடியாது. கல்லறை உரிமம் யாரு பேர்ல இருக்கோ அவங்க இஷ்டம். ஆனா உயில்ல உங்களுக்கு ஒண்ணும் வெக்கலயே, அதுக்குப் போடலாம். சொல்லிடறேன், கேஸ் பலம் இல்ல. அப்பாவோட ஒட்டு உறவு இல்லாம, சொந்தக் கால்ல நிக்கற பிள்ளைங்களுக்கு ஜட்ஜுங்க இப்பல்லாம் பெரிசா ஒண்ணும் குடுக்கறதில்ல. ஆனா சமரசத்துல ஏதாவது கெடைக்கும். ஜெயிச்சாலும் செலவு கையக் கடிக்கும்னு எதிராளிக்கும் தெரியுமில்ல?"

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பேச்சு. வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன்.

"கேஸ் போட்டா அவன் இன்னும் வெறுக்க மாட்டானா ராஸ்?"

"இதுக்கு மேல எங்க வெறுக்கறது? மொகத்தப் பாத்துக் கேக்கணும் டெஸ். அவன் படகுல ஏறி ஓட முடியாத ஒரு எடத்துல."

எனக்காக ஒரு ஆற்றை விட்டு வந்தவள். அவள் கேட்கும்போது மறுக்கிற இடத்தில் நான் என்றுமே இருந்ததில்லை.

சமரசப் பேச்சைச் சிட்னியில் ஒரு உயரமான கட்டிடத்தில் வைத்திருந்தார்கள். ராஸ்லின் நீலச் சட்டை போட்டிருந்தாள். முந்தின வாரம் முழுக்கச் சமையலறையில் அடுப்பைப் பார்த்துப் பேசிப் பழகினாள். அதட்டக் கூடாது, அழக் கூடாது, அப்பாவைப் பற்றி ஆரம்பிக்கக் கூடாது. காரில் வரும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருந்தது.

மத்தியஸ்தர் பெயர் ஹார்க்னஸ். பழைய பாரிஸ்டர், வெள்ளை மீசை, மிருதுவான குரல். எங்களை ஒரு அறையில் உட்கார வைத்தார். மேஜையில் தண்ணீர், புதினா மிட்டாய், ஒரு பெட்டி டிஷ்யூ.

"தம்பி வந்துட்டானா?" என்றாள் ராஸ்லின்.

"வந்துட்டார். பக்கத்து ரூம்ல இருக்கார்."

"எப்ப உள்ள வருவான்?"

ஹார்க்னஸ் பெர்னடெட்டைப் பார்த்தார். பெர்னடெட் தன் கோப்பைப் பார்த்தாள்.

"பொதுவா இந்த மாதிரி குடும்ப விஷயத்துல ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெக்கறதில்லீங்க. சூடாயிரும். நான் அங்கயும் இங்கயும் நடப்பேன். அதுதான் எல்லாருக்கும் நல்லது."

"கோர்ட் ஆர்டர்ல நல்லெண்ணத்தோட கலந்துக்கணும்னு போட்டிருக்கே" என்றாள் ராஸ்லின். அந்த வரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"கலந்துக்கணும்னுதான் இருக்கு" என்றாள் பெர்னடெட் தயங்கி. "ஒரே ரூம்ல உக்காரணும்னு இல்ல. வந்துட்டாலே கலந்துக்கிட்ட மாதிரிதான்."

என் மனைவியின் முகத்தில் ஏதோ அணைந்தது. அவள் கையைப் பிடித்தேன்.

சுவர் மெல்லிய அட்டைச் சுவர். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"அவன்தான்" என்றாள். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ரெண்டு தடவ இருமிட்டு ஒரு செருமல்." சொல்லி வாய் மூடவில்லை, செருமல் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். பெர்னடெட் எங்களை விநோதமாகப் பார்த்தாள்.

காலை முழுக்க ஹார்க்னஸ் நடந்தார். அங்கிருந்து ஒரு எண்ணைக் கொண்டு வருவார், பெர்னடெட் உதட்டைப் பிதுக்கி வேறொரு எண்ணைச் சொல்வாள், அவர் எடுத்துக்கொண்டு போவார். ராஸ்லினை யாரும் அதிகம் கேட்கவில்லை. ஒரு தரம் அவளே கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம் அவனோட பேசலாமா? வக்கீல் யாரும் வேண்டாம்."

ஹார்க்னஸ் போய்விட்டுத் திரும்பி வந்தார். "அவங்க வக்கீல் ஒத்துக்கல. இப்பத்தான் கிட்ட வந்திருக்கோம், இந்த நேரத்துல கெட்டுப் போயிரக் கூடாதுங்கறாங்க. என்ன சொல்லணுமோ எங்கிட்ட சொல்லுங்க. நான் கொண்டு போறேன்."

ராஸ்லின் வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மூடிக்கொண்டாள்.

அவர் போனதும் பெர்னடெட், "கல்லு விஷயம்தானே? ஒப்பந்தத்துல ஒரு ஷரத்தா போட்டுடலாமே. அதுக்கு ஈடா அவங்க தொகையில கொஞ்சம் கொறைக்கச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்" என்றாள்.

"வேண்டாம்."

"ஏன்? கெடைச்சா சரிதானே?"

"எங்க அம்மாவுக்கு நான் பொண்ணுங்கறத பேரம் பேசியா வாங்குவாங்க? அவன் வேண்டா வெறுப்பா வக்கீல் சொன்னாருன்னு வெட்டுவான். அத நான் போய்ப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

பெர்னடெட் நல்ல பெண். ஆனால் அவளுக்கு இது புரியவில்லை. ஒரு புதினா மிட்டாயை எடுத்துப் பிரித்தாள்.

சாண்ட்விச் வந்தது. யாரும் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் ஹார்க்னஸ் திருப்தியான முகத்தோடு வந்து, "நல்ல தொகை. இதுக்கு மேல வராது. மேல் படுகையை வித்துக் குடுத்துடறேங்கறார்" என்றார்.

ராஸ்லின் எழுந்தேவிட்டாள்.

"மேல் படுகையா? அத விக்கச் சொல்லி யாரு கேட்டா?"

"வேற எதுலேருந்து குடுப்பார்? கைல காசா வெச்சிருக்கார்?"

"அது நல்ல தண்ணி ஓடற எடம். மழை பேஞ்சு தண்ணி கெட்டு, சிப்பி எடுக்கக் கூடாதுன்னு கீழ எல்லாத்தையும் மூடினாக்கூட அதுதான் மொதல்ல தெறக்கும். அத வித்துட்டு அவன் என்ன செய்வான்? வேண்டாம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். கேஸ வாபஸ் வாங்கிக்கறேன்."

பெர்னடெட் கதவைச் சாத்தச் சொன்னாள். ஹார்க்னஸ் வெளியே போனார்.

"ராஸ்லின், உக்காருங்க. வாபஸ் வாங்கினா கெல்வினோட வக்கீல் செலவையும் நீங்கதான் குடுக்கணும். உங்க வீடு போயிரும்."

"சரி, வாபஸ் வாங்கல. இந்தத் தொகை வேண்டாம்னு மட்டும் சொல்றேன்."

"அதுவும் அதேதான். நியாயமான தொகை வந்து, நீங்க வேண்டாம்னு சொல்லி, அப்புறம் விசாரணையில அதவிடக் கம்மியாக் கெடைச்சா, அன்னியிலேருந்து அவர் செலவு பூரா உங்க தலையில. கோர்ட் வரிசையா அப்படித்தான் தீர்ப்புக் குடுத்துக்கிட்டிருக்கு. அவர இங்க கொண்டு வந்து உக்கார வெச்ச சட்டம் உங்களையும் புடிச்சு உக்கார வெச்சிருக்கு."

ராஸ்லின் மேஜையிலிருந்த ஒரு தாளைப் பெர்னடெட் பக்கம் தள்ளினாள்.

"ஒப்பந்தத்துல எனக்குன்னு ஒரு சல்லிக்காசு இல்லாம, ரெண்டு பக்க வக்கீல் செலவு மட்டும்னா?"

பெர்னடெட் கணக்குப் போட்டாள். எங்கள் பக்கச் செலவு, அவன் பக்கச் செலவு, மத்தியஸ்தர், இந்த அறைகளின் வாடகை. எல்லாமே ஆல்பி விட்டுப் போனதிலிருந்துதான் போக வேண்டும். போட்டு முடித்து நிமிர்ந்தாள். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதுக்கே மேல் படுகை போகும்."

நானும் பெர்னடெட்டும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். டிஷ்யூப் பெட்டியைக்கூட நான் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அவள் அழவில்லை. "அப்ப அதையே எழுதுங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் கெடையாதுன்னு தெளிவா எழுதுங்க."

நான் அவளை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். பிரசவத்தில், ஆஸ்பத்திரியில், எங்கள் மகன் பெர்த்துக்குப் போன அன்று விமான நிலையத்தில். இத்தனை தனியாகப் பார்த்ததில்லை. நான் தோளில் கை வைத்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள், நான்தான் ஆறுதல் தேவைப்பட்டவன் போல.

ஹார்க்னஸ் தாளை எடுத்துக்கொண்டு போனார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு குரல். வார்த்தைகள் தெரியவில்லை, கோபம் மட்டும் தெரிந்தது.

அவர் திரும்பி வந்தபோது அந்த மிருதுவான குரல் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"ஒத்துக்கறார். கையெழுத்துப் போடத் தயார். ஆனா..." என்று மீசையைத் தடவினார். "அவருக்கு ஒண்ணு புரியலங்கறார். எதுவுமே வேண்டாம்னா பின்ன எதுக்கு இந்த ஒண்ணரை வருஷமா என்னைக் கொன்னா, கேளுங்கன்னு சொன்னார். நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"நானே போய்ச் சொல்றேன்."

"ராஸ்லின், வேண்டாம்" என்று பெர்னடெட் எழுந்தாள். "இன்னும் கையெழுத்து ஆகல. நீங்க போய் ஏதாவது பேசி, அவர் கோவத்துல எந்திரிச்சுப் போயிட்டா எல்லாம் போச்சு."

"ஏற்கெனவே எல்லாம் போச்சும்மா."

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் பின்னால் போனேன். பக்கத்துக் கதவுதான்.

அவர்கள் மேஜையிலும் அதே தண்ணீர், அதே மிட்டாய், யாரும் தொடாத அதே சாண்ட்விச். கெல்வினின் வக்கீல், கண்ணாடி போட்ட இளைஞன், துள்ளி எழுந்து, "இது முறையில்ல, தயவுசெஞ்சு நீங்க..." என்று ஆரம்பித்தான். கெல்வின் கையைக் காட்டி அவனை நிறுத்தினான்.

மெலிந்திருந்தான். ஆற்றின் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவனின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறோம். ஆல்பியை அப்படியே உரித்து வைத்திருந்தது. ராஸ்லினுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு அடி பின்வாங்கி என் மேல் இடித்தாள்.

"வந்துட்டியா" என்றான் கெல்வின். "பஸ்காரரையும் கூட்டிட்டு வந்துட்டியா. உக்காரு, உக்காரு. மேல் படுகை போச்சு ராஸ். அம்மாவும் நீயும் நானும் சேத்துல நின்னு கழி நட்ட எடம். போன மாசமே பாங்க்காரன் வந்து அளந்து வெல போட்டுட்டுப் போயிட்டான். உனக்கும் இல்லாம எனக்கும் இல்லாம வக்கீலுங்களுக்குக் குடுத்துட்டோம். இப்ப நிம்மதியா?"

"இல்ல."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு? படகா? கொட்டகையா? நான் கட்டியிருக்கற இந்த டையா?"

வாசலில் ஹார்க்னஸும் பெர்னடெட்டும் வந்து நின்றுகொண்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. சமையலறை அடுப்பிடம் பழகிய பேச்சு எதுவும் அவளுக்கு வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது, நின்றது. கெல்வின் இருமினான். செருமினான். காத்திருந்தான்.

"கல்லுல" என்றாள். குரல் பிசிறியது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"அம்மா அப்பா கல்லுல என் பேரையும் போடுறியா, கெல்வின்?"